நலங்கு மாவு, குழிக்க

ஆமாம் அக்கா, அந்த மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் என்னோடு வந்தவர்தான். என் மதினி. அண்ணன் மனைவி. மாட்டுத்தாவணியில் ஒன்றாகத்தான் ஏறினோம். இடம் இல்லாமல் தனித்தனியாக உட்காரவில்லை. பாருங்கள், அவர் பக்கத்தில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தன் துணிப்பையை வைத்து மறித்திருக்கிறார்.

சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார், கண்டக்டரிடம் பின்னால் கையைக் காட்டி "அந்தப் பிள்ளைக்கும்" என்றார், அதோடு சரி. அந்தப் பிள்ளை. எனக்குப் பெயர் இருக்கிறது. மாரீஸ்வரி.

நீங்கள் கேட்ட வாசனை இந்தக் கட்டைப் பையிலிருந்து வருகிறது. நலங்கு மாவு. பன்னிரண்டு பாக்கெட். ஹைகோர்ட்டில் காட்டலாம் என்று கொண்டுபோனோம், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

நான் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை அக்கா. ஐந்து வருஷம் கல்லூரியில் படித்தேன், ஒரு தடவைகூட வகுப்பில் எழுந்து நின்று பேசியதில்லை. பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்வதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். நிறைய நாள் ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. நீங்கள் காரியாபட்டிக்கு டிக்கெட் எடுத்ததைக் கேட்டேன். நீங்கள் இறங்கிவிடுவீர்கள், நான் அருப்புக்கோட்டை. அதனால்தான் சொல்கிறேன். யாரிடமாவது சொல்லவில்லை என்றால் எனக்கு வாந்தி வந்துவிடும் போலிருக்கிறது. நிஜமாகவே. பஸ்ஸால் இல்லை.

கொஞ்சம் இருங்கள். போன். சிவகாசி பிரஸ்காரர். நாலு மணிக்குள் மேட்டர் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாம், நேரம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதில்தான் மதினி மாவு அரைக்கிறார். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், அவன் சம்பாத்தியம் ஆட்டோவுக்கே போய்விடும். வீடு நடப்பது மாவில்தான். நாலு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ. காயவைத்து, அரைத்து, சலித்து, பாக்கெட் போடுவது. வங்கிக் கடனில் வாங்கிய அரவை மிஷின் ஒன்று இருக்கிறது. அதற்கு மதினி வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைப்பார். நான் எம்.ஏ. தமிழ் படித்ததும் அந்த மாவில்தான் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அண்ணன் சொல்லுவான். மதினி சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒரு மாதிரி சொல்வதுதானே?

முதலில் பாக்கெட்டில் ஒட்டியிருந்த லேபிளை மதினியே எழுதியிருந்தார். அவர் கையெழுத்தையே பிரஸ்ஸில் அப்படியே எடுத்து அடித்துவிட்டார்கள். மஞ்சள் தாள், பச்சை மை. மேலே 'நலங்கு மாவு'. நடுவில் சாமான் பெயர்கள். கீழே ஒரே ஒரு சொல். என்ன சொல் தெரியுமா அக்கா?

'குழிக்க.'

குளிக்க இல்லை. குழிக்க. சிறப்பு ழகரம் போட்டு.

எனக்குப் பிழை என்றால் ஆகாது. சோற்றில் தலைமுடி கிடந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான். தொண்டைவரை வந்து நிற்கும். அந்த டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எழுதியிருக்கிறதே, 'கை தலை நீட்டாதிர்' என்று, அதை மாட்டுத்தாவணியிலிருந்து பார்க்காமலே வருகிறேன். குளிப்பது என்றால் நீராடுவது. குழிப்பது என்றால் குழி தோண்டுவது. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிவரை எத்தனை மளிகைக் கடை, எத்தனை நாட்டுமருந்துக் கடை. அத்தனையிலும் எங்கள் வீட்டு விலாசத்தோடு 'குழி தோண்டுவதற்கான மாவு' தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒருத்தி அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவந்து, "இது உங்க வீட்டுதா மாரீஸ்? மண்வெட்டியும் சேத்துத் தருவீங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடுதிக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

எம்.ஏ. முடித்து வந்ததும் நான் செய்த முதல் வேலை லேபிளை மாற்றியதுதான். 'குளிக்க' என்று திருத்துவதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு நல்ல பொருளுக்கு நல்ல சொல் வேண்டாமா? மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

மேனி மெருகேறும், முகம் மிளிரும்,
கரும்புள்ளியும் பருவும் காணாமற்போகும்,
இளமை உங்கள் இல்லம் தேடி வரும்.

எப்படி இருக்கிறது? வரிக்கு வரி மோனை வருகிறது பாருங்கள். மதினி அதை இரண்டு தடவை வாசித்தார். வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார்.

"நல்லாருக்கு மாரி. ஆனா இதெல்லாம் நெசமா?"

"நெசந்தான் மதினி. பூலாங்கிழங்குக்கு அந்தக் குணம் உண்டு."

"நாம குளிக்கத்தானே குடுக்கிறோம்?"

"குளிச்சா வர்ற பலனைச் சொல்றோம்."

"ம். படிச்ச பிள்ளை சொல்ற. அடிச்சிரு."

விற்பனை கூடியது. நன்றாகவே கூடியது. மதினியிடம் கேட்டால் அந்த வருஷம் தையில் முகூர்த்தம் அதிகம் என்பார். முகூர்த்தம் எல்லா வருஷமும்தான் வருகிறது.

அடுத்த வருஷம் வரி ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். காட்டன் புடவை, கண்ணாடி, கூட இரண்டு பேர். ஷெட்டுக்குள் நின்றதும் தும்மினார். தும்மிக்கொண்டே பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா இதுக்கு மாவுன்னு அஞ்சு பர்சன்ட் போட்டிருக்கீங்க?"

"மாவுதானே மேடம்" என்றார் மதினி.

"மாவுன்னா இட்லி சுட முடியுமா?"

"இட்லிக்கு அரிசி மாவு வேணும் மேடம். இது பயத்தமாவு."

சலித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்திருக்கக் கூடாது. அந்த மேடம் லேபிளைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "மேனி மெருகேரும், முகம் மிலிரும்." மிலிரும்! என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது. தமிழ்நாட்டு அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இது மாவு இல்லம்மா. மேக்கப் சாமான். பதினெட்டு."

"மேக்கப்பா? பிள்ளை பெத்தவளுக்குத் தேச்சு விடுறது மேடம் இது. வளைகாப்புக்கு, கல்யாணத்துக்கு நலங்கு வைக்கிறது. நீங்களும் வச்சிருப்பீங்களே."

"நான் வச்சது வேறம்மா. நீங்களே எழுதியிருக்கீங்களே, பரு போகும், கரும்புள்ளி போகும்னு. மாவு எதுக்கு கரும்புள்ளியைப் போக்கணும்?"

மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நோட்டீஸ் வந்தது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வித்தியாசத்தைக் கட்டு, வட்டி கட்டு, அபராதம் கட்டு. மிஷினை விற்றால்தான் கட்ட முடியும், மிஷினை விற்றால் மாவு இல்லை, மாவு இல்லாவிட்டால் அந்த நாலு பெண்களும் தீப்பெட்டி ஆபீஸுக்குத் தீக்குச்சி அடுக்கத்தான் திரும்பிப் போக வேண்டும். எங்கள் வீடு எங்கே போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மதினி மட்டும் அந்த நோட்டீஸை மடித்து மிஷின் அடியில் வைத்தார். சாமி பாதத்தில் வைக்கிற மாதிரி. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மதுரையில் மேல்முறையீட்டு ஆபீஸுக்குப் போனோம். அந்தக் கட்டடத்தை நீங்கள் பார்க்க வேண்டும் அக்கா. படியெல்லாம் வெற்றிலை எச்சில். மூலைக்கு மூலை கயிறு கட்டிய காகித மூட்டைகள். ஒரு மூட்டையின்மேல் சாப்பாட்டுப் பொட்டலத்தை விரித்து ஒருத்தர் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தருடைய வழக்கின்மேல் ஊறுகாய் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மதினி அவரிடம் போய், "சாப்பிடுங்க அண்ணே, மெதுவா சாப்பிடுங்க, நாங்க இருக்கோம்" என்றார்.

உள்ளே இருந்த அதிகாரி வயதானவர். கோபப்படவில்லை. "மாவுன்னு சொல்றீங்க. மாவுன்னா திங்கிற பொருளாத்தானேம்மா இருக்கணும்?" என்று கேட்டார். சும்மா ஒரு கேள்வியாகத்தான் கேட்டார். எங்கள் மதினி என்ன செய்தார் தெரியுமா? ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் எப்படிக் கசக்கும் தெரியுமா? கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இருமுகிறார். மூக்கிலிருந்து மஞ்சளாக மாவு பறக்கிறது. அந்த அதிகாரி பதறிப்போய், "துப்பும்மா, துப்பு" என்று குப்பைக் கூடையைக் காலால் தள்ளிவிட்டார். மதினி வேண்டாம் என்று தலையை ஆட்டி, முழுங்கிவிட்டு, மஞ்சள் பல்லைக் காட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சார். ஒண்ணும் ஆகல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மனுஷி, முப்பத்தெட்டு வயது, இப்படியா? தீர்ப்பில் அதையும் எழுதிவிட்டார்கள் அக்கா. 'மனுதாரர் பொருளை உண்டு காட்டினார்; அது சான்றாகாது' என்று. அதைவிட எனக்கு வேதனை, என் வரிகளை அந்த உத்தரவில் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்த விதம். 'முகம் மிளிரும்' என்பதற்கு, முகம் பளபளக்கும் என்கிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள். மிளிர்வது வேறு, பளபளப்பது வேறு. எண்ணெய் வழிந்தால்கூட முகம் பளபளக்கும். இதைச் சொல்லி மேல்முறையீடு செய்ய ஒரு இடம் கிடையாது இந்த நாட்டில்.

அங்கேயும் தோற்றோம். பிறகு ஹைகோர்ட்டு. ஒத்தக்கடையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் சேவுகராஜ் என்று ஒரு வக்கீல். வரி வழக்கு மட்டும் நடத்துவாராம். மேஜைமேல் இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையது, புதியது.

"இந்தா பாருங்கம்மா. பழைய லேபிள் நமக்குத் தெய்வம். மாவுன்னு மட்டும் இருக்கு. சிக்கல் இந்தப் புதுசுதான். இது வெத்துப் பேச்சு, எல்லாரும் எழுதுற டூப்பு, பேரையும் சாமானையும்தான் பாக்கணும்னு வாதாடலாம். ஜெயிக்கவும் செய்யலாம். இதை யார் எழுதுனது?"

நான் அப்போது மதினிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று அடி தூரம். வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டார்.

"நான்தான் சார்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது சார். தமிழ்ல பெயிலு."

"பிரமாதம்" என்றார் வக்கீல்.

பிரமாதமாம். எனக்கு இப்போதும் புரியவில்லை அக்கா, ஏன் அப்படிச் சொன்னார் என்று. நான் நாலு பேருக்கு முன்னால் நிற்கவே நடுங்குவேன், மறுத்துப் பேசமாட்டேன் என்று மதினிக்குத் தெரியும். அதைப் பயன்படுத்திக்கொண்டார். வெளியில் வந்ததும் கேட்டேன், "ஏன் மதினி?" என்று. "ஒனக்கெதுக்கு கோர்ட்டு கேசுல பேரு. நாளைக்கு ஒரு எடத்துல இருந்து பொண்ணு பாக்க வருவாக" என்றார். சமாளிப்பு. என் மூன்று வரியைத் தன் வரி என்று எழுதிக்கொடுத்தாயிற்று.

அந்தப் பிரமாணப் பத்திரத்தை நான் அகராதி வைத்து வாசித்தேன். 'மனுதாரர் கல்வியறிவு குறைந்தவர். பிற பாக்கெட்டுகளைப் பார்த்து, பொருள் உணராமல் எழுதிய வெற்றுச் சொற்கள்.' மதினி அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். 'ஜெயக்கொடி' என்று, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு. ஒரு கூச்சம் இல்லை. "அப்படியே போட்டுக்கங்க சார்" என்றாராம்.

வெற்றுச் சொற்கள். பார்த்து எழுதியவை. பொருள் உணராமல். எட்டு மாதம் அந்த மூன்றும் எனக்குள் கிடந்து நாறிக்கொண்டிருந்தன.

இன்றைக்கு எங்கள் வழக்கு இருபத்து மூன்றாவதாக வந்தது. நாங்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மதினி மடியில் இந்தப் பை. நீதிபதிக்கு நல்ல கனமான குரல். பேசுவது ஆங்கிலம்தான், நடுநடுவே தமிழ். முதலில் பழைய லேபிளை எடுத்தார்கள். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். நேர்மையான மனிதர், எழுதியிருந்ததை அப்படியே பெயர்த்துவிட்டார். 'நலங்கு மாவு, குழி தோண்டுவதற்கு.'

நீதிபதி அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அரசு வக்கீலைப் பார்த்தார்.

"என்ன சார், குழி தோண்டுற மாவை அழகுசாதனம்னு சொல்றீங்களா?"

கோர்ட்டே சிரித்தது. அரசு வக்கீலும் சிரித்தார். "எழுத்துப் பிழை மை லார்ட்" என்றார். "பிழையோ சரியோ, இதுல அழகுன்னு ஒரு வார்த்தை காட்டுங்க பாப்போம்" என்றார் நீதிபதி. மதினி கையை எடுத்துக் கும்பிட்டார், உட்கார்ந்தபடியே. நான் பக்கத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். விடுதிக் கழிவறையில் அழுத அதே அழுகை வந்தது. ஒரு பிழையை வைத்து ஹைகோர்ட்டு சிரிக்கிறது, எங்கள் மதினி கும்பிடுகிறார்.

அடுத்து என் லேபிள். நீதிபதி மொழிபெயர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டுத் தமிழையே எடுத்தார். வாய்விட்டு வாசித்தார்.

'மேனி மெருகேறும், முகம் மிளிரும்.' ளகரம் சுத்தமாக. 'கரும்புள்ளியும் பருவும் காணாமற்போகும்.' றகரம் அழுத்தமாக. அந்தப் பெரிய கூடத்தில், அந்த உயரமான கூரைக்குக் கீழே. ஐந்து வருஷம் தமிழ் படித்தேன் அக்கா, நான் எழுதிய ஒரு வரியை யாரும் வாய்விட்டு வாசித்ததில்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

வாசித்து முடித்துவிட்டு அவர் அரசு வக்கீலிடம் சொல்கிறார்: "இது எல்லா டப்பாலயும் எழுதுறதுதானே. எந்த சோப்பை எடுத்தாலும் இளமை தேடி வரும்னுதான் போட்டிருக்கான். இந்த வெற்று வார்த்தையை வச்சா வரி போடுவீங்க? மனுதாரர் படிக்காதவங்கன்னு சொல்றாங்க. எங்கயோ பாத்து எழுதியிருக்காங்க."

சேவுகராஜ் திரும்பி மதினியைப் பார்த்து லேசாகக் கண்ணை மூடித் திறந்தார். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். மதினி என் கையைப் பிடித்தார். அவர் கை ஈரமாக இருந்தது.

ஆனால் அந்தக் குரல் அக்கா. வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். என் வரியை அவ்வளவு அழகாக வாசித்த அதே வாயால், வெற்று வார்த்தை. எங்கேயோ பார்த்து எழுதியது.

நான் எழுந்து நின்றேன்.

நானா என்று எனக்கே தெரியவில்லை. மதினி கையை விடவில்லை, நான்தான் உருவிக்கொண்டேன். "ஐயா" என்றேன். சத்தமாகவே வந்தது. போலீஸ்காரர் ஒருத்தர் என்னை நோக்கி வந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"யாரம்மா நீங்க?"

"அதை எழுதினது நான்தான் ஐயா. மனுதாரர் எழுதல. நான் அவங்க நாத்தனார். எம்.ஏ. தமிழ் படிச்சிருக்கேன். எங்கயும் பாத்து எழுதல. மூணு நாள் யோசிச்சு எழுதினேன்."

சேவுகராஜ் கையிலிருந்த காகிதக் கட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மின்விசிறிக் காற்று அடித்திருக்கும்.

"அப்படியா?" என்றார் நீதிபதி. அன்பாகத்தான் கேட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க. நீங்க எழுதின மாதிரி இதைத் தேச்சா கரும்புள்ளி போகுமா?"

"போகும் ஐயா."

"முகம் மிளிருமா?"

"மிளிரும் ஐயா. பொய் எழுதல."

"அப்போ நீங்களே சொல்லுங்க. இது மாவா, அழகுசாதனமா?"

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பயப்படவில்லை அக்கா, முதல் தடவையாக. இந்தப் பொருளை மதினி எவ்வளவு பாடுபட்டுக் காயவைத்து, சலித்து, பார்த்துப் பார்த்துச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அதை மாவு, மாவு என்று மூன்று வருஷமாக எல்லாரும் கேவலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சொன்னேன்.

"வெறும் மாவு இல்லை ஐயா."

நீதிபதி சேவுகராஜைப் பார்த்து, "இனி நான் என்ன சார் செய்ய?" என்றார். அங்கேயே தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், கீழே ஒரு பெண் தட்டச்சு செய்தார். பழைய லேபிள் இருந்த ஒரு வருஷத்துக்கு வரி கிடையாது, அது மாவு. புதிய லேபிள் வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குக் கட்ட வேண்டும், அது அழகுசாதனம்.

புரிகிறதா அக்கா? பிழைக்கு வெற்றி. பிழையில்லாத தமிழுக்குத் தண்டனை. இந்த நாட்டில் இதைத் தவிர வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? 'குழிக்க' என்று எழுதினால் தள்ளுபடி. 'மிளிரும்' என்று எழுதினால் அபராதம். நினைக்க நினைக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வராந்தாவுக்கு வந்ததும் அந்த வக்கீல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினியிடம்தான் பேசினார், என் காதில் விழுகிற மாதிரி. "பழைய லேபிள்ல குழிக்கன்னு எழுதியிருந்துச்சு. புது லேபிள்காரங்க எழுதாமலே குழிச்சிட்டாங்க." படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது? பிறகு சொன்னார்: "தவணை வாங்கித் தர்றேன். ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினா மிஷினை விக்காமத் தப்பிச்சிரலாம். ஆனா ஒண்ணும்மா. இன்னிலிருந்து லேபிள்ல மாவு பேரு, பருப்பு பேரு, குளிக்க. அவ்வளவுதான். அதுக்கு மேல அழகு கிழகுன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா அடுத்த நோட்டீஸ் வந்துரும். அப்புறம் என்கிட்ட வராதீங்க. ஷெட்டை இழுத்து மூடிருங்க."

மதினி தலையை ஆட்டினார். கட்டணத்தைக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையும் எனக்குக் காட்டத்தான்.

மாட்டுத்தாவணியில் எனக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார் மதினி. அவர் குடிக்கவில்லை. நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நின்று பஸ் போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாலு வார்த்தை திட்டினால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இவ்வளவுதான் சொன்னார்:

"மாரி, இருக்கிற ஸ்டிக்கர் தீரப்போகுது. பழைய லேபிளையே அடிக்கச் சொல்லிரு. நீதான போன்ல அனுப்புவ. ஒரு எழுத்து மாத்தாத."

"குழிக்கன்னேவா மதினி?"

"குழிக்கன்னே இருக்கட்டும். ஊரு பூரா அதை எனக்குத் தெரியாம எழுதிட்டேன்னு நெனைக்கட்டும். கடைக்காரனுக்குத் தெரியும் அது எதுக்குன்னு."

அதோடு பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டார். பாருங்கள், தூங்கிவிட்டார். கம்பியில் தலை முட்டுகிறது, அதுகூடத் தெரியவில்லை. எட்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அண்ணன் சொல்லுவான்.

பத்தாயிரம் ஸ்டிக்கர் அக்கா. 'குழிக்க' என்று பத்தாயிரம் தடவை. திரும்பவும் ஒவ்வொரு கடையிலும், எங்கள் விலாசத்தோடு. நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கும்தான் யாராவது பெண் பார்க்க வருவார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது அந்த ழகரமாகத்தான் இருக்கும். வக்கீலே 'குளிக்க' என்றுதான் சொன்னார், இல்லையா? ளகரம் போட்டுத்தான் உச்சரித்தார், நான் கவனித்தேன். அதனால் அதைத் திருத்திவிட்டேன். ஒரே ஒரு எழுத்து. அதற்கெல்லாம் வரி போட மாட்டார்கள்.

அப்புறம் திருத்திப் பார்த்தால், கீழே மொட்டையாக இருந்தது. பெரிய காலி இடம். நீதிபதியே நல்லா எழுதியிருக்கீங்க என்று சொன்னார், அத்தனை பேருக்கு முன்னால். நீங்கள் இப்போது கேட்டீர்கள், அவர் சொன்னதை நான் கூட்டிச் சொல்லவில்லை. மூன்று வரியும் போடவில்லை அக்கா, எனக்கும் புத்தி இருக்கிறது. ஒரு வரிகூட இல்லை. இரண்டே இரண்டு சொல். மிகச் சிறிய எழுத்தில், ஓரமாக. 'முகம் மிளிர.' வினையெச்சம்தான், முடியாத சொல். முடியாத சொல்லை வைத்து யார் வழக்குப் போட முடியும்?

இதோ, பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. நீல டிக் விழுந்துவிட்டது பாருங்கள். 'ஓகே சிஸ்டர மிஷினில் ஏத்திட்டோம்' என்று போட்டிருக்கிறார். சிஸ்டருக்குக் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டார். சீ.

காரியாபட்டி வந்துவிட்டது. எழுந்துகொள்ளுங்கள், முன்வாசலில்தான் இறக்குவார்கள். மதினியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் பக்கத்தில் இருக்கிற பை சரிந்து விழப்போகிறது, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். எழுப்ப வேண்டாம். தூங்கட்டும்.

இந்தாருங்கள், இதில் ஒரு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். பணமெல்லாம் வேண்டாம். லேபிள் என்னுடையது, இறங்கியதும் வாசித்துப் பாருங்கள். தேய்த்தும் பாருங்கள். வெறும் மாவு இல்லை அக்கா அது.